ஊரார் சாட்சியே புகழ்

1386ஆம் ஆண்டு அக்டோபரில் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் ஒரு வழக்கில் சாட்சி சொன்னார். நிலத்தகராறு அல்ல, பணத்தகராறும் அல்ல; ஒரு சின்னத்தைப் பற்றிய வழக்கு. நீலப் பரப்பில் சரிவாக ஓடும் பொன்னிறப் பட்டை. அதைக் கேடயத்தில் தரிக்கும் உரிமை தம் குடும்பத்துக்கே என்றார் சர் ரிச்சர்ட் ஸ்க்ரோப். தம் குடும்பத்துக்கே என்றார் சர் ராபர்ட் குரோவ்னர். முந்தைய ஆண்டு மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் ஸ்காட்லாந்தின்மேல் படையெடுத்தபோது இருவரும் ஒரே சின்னத்தோடு வந்து நின்றதில் மூண்ட தகராறு இது. நூற்றுக்கணக்கானவர்கள் சாட்சி சொன்ன அந்த வழக்கில், சில ஆண்டு இழுபறிக்குப் பிறகு ஸ்க்ரோப் வென்றார்.

பிரான்ஸில் போரிட்ட நாளில் ஸ்க்ரோப் அந்தச் சின்னம் தரித்திருந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார் சாசர். அதோடு நிற்கவில்லை. அது ஸ்க்ரோப் குடும்பத்துடையது என்று மூத்த வீரர்கள் சொல்லக் கேட்டிருப்பதாகவும், அதுவே எல்லோரும் அறிந்த பேச்சு என்றும் சொன்னார். ஒருமுறை லண்டனில் ஃப்ரைடே தெரு வழியே போகையில் ஒரு விடுதியின் வெளியே அதே சின்னம் தொங்கக் கண்டு, ஸ்க்ரோப்பின் சின்னத்தைத் தொங்கவிட்டிருக்கும் இந்த விடுதி எது என்று விசாரித்தாராம். அது ஸ்க்ரோப்பின் சின்னம் இல்லை, குரோவ்னர் என்பவருடையது என்று ஒருவர் சொன்னாராம். அப்படி ஒரு பேரைத் தாம் கேள்விப்பட்டதே அன்றுதான் என்று முடித்தார்.

இன்றைய நீதிமன்றத்தில் இதில் பெரும்பகுதி செவிவழிச் செய்தி என்று தள்ளுபடியாகும். அன்று அதற்கு எடை இருந்தது. “எல்லோரும் சொல்கிறார்கள்” என்பது அங்கே சான்று; “யாரும் சொல்லிக் கேட்டதில்லை” என்பது எதிர்ச்சான்று. இடைக்கால ஆங்கில நூல்களில் புகழ், பேர், மானம் என்று வரும் இடங்களை இந்தப் பின்னணி இல்லாமல் படித்தால் பொருள் தவறிப்போகும். இன்று நமக்குப் புகழ் என்றால், பலருக்குத் தெரிந்திருப்பது. அன்றைய இங்கிலாந்தில் அது, தெரிந்தவர்கள் ஒருவரைப் பற்றித் தரும் சாட்சி.

‘ஃபேம்’ என்ற சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் ‘பேசுதல்’. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் வதந்தியும் ஃபேம்தான், ஊர்ப்பேச்சும் ஃபேம்தான், நற்பெயரும் ஃபேம்தான். அதனால்தான் அக்கால ஆவணங்கள் ‘நல்ல ஃபேம்’, ‘கெட்ட ஃபேம்’ என்று பிரித்தே எழுதின. அடைமொழி இல்லாவிட்டால் அது பேச்சு மட்டுமே. எந்தப் பக்கமும் சாயலாம்.

இந்தச் சொல் வருவதற்கு முன்பு பழைய ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருந்தன. ‘லோஃப்’ என்றால் பாராட்டு. ‘டோம்’ என்றால் தீர்ப்பு. பெருமை என்ற பொருளும் அதற்கே உண்டு. ஒருவனுடைய பெருமை என்பது பிறர் அவனுக்கு வழங்கும் தீர்ப்பு என்ற எண்ணம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த கையெழுத்துப் பிரதியில் நமக்குக் கிடைத்திருக்கும் ‘பேவுல்ஃப்’ காவியம், இறந்த தலைவனைக் குறிக்கும் ‘பாராட்டில் பெருவேட்கை கொண்டவன்’ என்ற சொல்லோடு முடிகிறது. அதைத் தற்பெருமை என்று படிக்க வேண்டியதில்லை. தலைவன் பொன்னும் விருந்தும் தருவான். வீரன் அதற்கு ஈடாகத் துணிவைத் தருவான். கூடத்தில் பாடுபவன் இருவருக்கும் பேர் தருவான். அந்த ஏற்பாட்டில் பாராட்டை விரும்பாதவன் கடமையை விரும்பாதவனாகவே எண்ணப்பட்டிருப்பான். ஆனாலும் அந்தச் சொல் முழுப் புகழ்ச்சிதானா, அதில் மெல்லிய குறையும் கலந்திருக்கிறதா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். காரணம், காவியத்தை ஏட்டில் எழுதிய காலத்தில் இங்கிலாந்து கிறிஸ்தவ நாடாகியிருந்தது.

புகழின் எல்லையைக் கிறிஸ்தவ சமயம் வேறு நூல்களின் வழியாகவும் நினைவூட்டியது. ஆறாம் நூற்றாண்டில் சிறையிலிருந்து எழுதிய தத்துவ அறிஞர் போயீத்தியஸ், வானத்தோடு ஒப்பிட்டால் பூமியே ஒரு புள்ளி, அதில் மனிதர் வாழும் பகுதி இன்னும் சிறியது, அதற்குள் பரவும் பேருக்கு என்ன மதிப்பு என்று கேட்டார். ரோமானியர்கள் போற்றிய ஃபாப்ரிசியஸின் எலும்புகள் இப்போது எங்கே என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. ஆல்ஃபிரட் மன்னரின் பெயரில் வழங்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் ஃபாப்ரிசியஸைக் காணோம். ஜெர்மானியக் கதைகளில் வரும் பேர்பெற்ற கொல்லன் வேலண்டின் எலும்புகள் எங்கே என்று அது கேட்கிறது. ஃபாப்ரிசியஸ் என்ற பேர் லத்தீனில் கொல்லனைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டுவதால் வந்த மாற்றம் இது என்பார்கள். எப்படியானாலும், ரோமாபுரியின் மாமனிதர் ஆங்கிலேயரிடம் வந்து சேரும்போது உள்ளூர்க் கொல்லனுக்கு இடம் விட வேண்டியிருந்தது. புகழ் எல்லை தாண்டாது என்ற போயீத்தியஸின் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இவையெல்லாம் வீரரையும் அறிஞரையும் பற்றியவை. சாதாரண உழவனையும் வியாபாரியையும் புகழ் தொட்ட இடம் நீதிமன்றம். காவல்துறை இல்லை, அடையாள ஆவணம் இல்லை, கைரேகை இல்லை. ஒருவர் யார், எப்படிப்பட்டவர் என்பதற்கு அக்கம்பக்கத்தார் வாய்தான் பதிவேடு. 1166இல் இரண்டாம் ஹென்றி மன்னர் பிறப்பித்த கிளாரெண்டன் சட்டம், ஒவ்வொரு வட்டாரத்திலும் நம்பகமான பன்னிரண்டு பேரும் ஒவ்வொரு ஊரிலிருந்து நான்கு பேரும் சத்தியம் செய்து, திருடன், கொள்ளையன், கொலைகாரன் என்று தங்களிடையே பேர்பெற்றவர்களைச் சொல்ல வேண்டும் என்றது. அப்படிச் சொல்லப்பட்டவரை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி.

அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. நீர்ச்சோதனையில் தேறியவரும், மிகக் கெட்ட பேர் உள்ளவர் என்று பலர் சாட்சி சொன்னால், எட்டு நாளுக்குள் கடல் கடந்து நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். காற்று எதிர்த்தால் மட்டும் தாமதிக்கலாம். கடவுளின் தீர்ப்பு என்று அவர்களே நம்பிய சோதனை விடுவித்த மனிதரை ஊரின் பேச்சு விடுவிக்கவில்லை. புகழ் அங்கே எவ்வளவு பெரிய சக்தி என்பதற்கு இந்த ஒரு விதி போதும்.

தேவாலய நீதிமன்றங்களும் இதே வழியில் நடந்தன. 1215இல் கூடிய நான்காம் லாட்டரன் திருச்சபைச் சங்கம், நீர்ச்சோதனை, நெருப்புச் சோதனைகளில் குருமார் பங்கேற்பதைத் தடுத்தது. அதே சங்கம், குற்றம் சாட்ட ஒருவர் முன்வராவிட்டாலும் ஊர்ப்பேச்சை வைத்தே மேலதிகாரி விசாரணை தொடங்கலாம் என்றும் வகுத்தது. பேச்சே குற்றம் சாட்டுபவரின் இடத்தில் நின்றது. பேச்சுக்கு ஆளானவர் தம்மை விடுவித்துக்கொள்ள அண்டை அயலாரைத் துணைக்கு அழைத்துச் சத்தியம் செய்யலாம். துணை வருபவர்கள் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. இவர் சத்தியம் நம்பத்தக்கது என்று அவர்கள் சத்தியம் செய்தால் போதும். துணைக்கு ஆள் கிடைக்காதவன் பாடு திண்டாட்டம்.

பேர் இவ்வளவு விலையுள்ளதாக இருந்தால் அதைக் கெடுப்பதும் குற்றமாகத்தானே வேண்டும்? 1222இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய திருச்சபைச் சங்கம், நல்லவர்களும் பொறுப்பானவர்களுமான மனிதர்களிடம் கெட்ட பேர் எடுக்காத ஒருவர்மீது வன்மத்தால் குற்றம் சுமத்துபவரைச் சபையிலிருந்து விலக்க வேண்டும் என்றது. இந்த விதியின் நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். கெட்ட பேர் யாரிடமும் இருக்கக் கூடாது என்று அது கேட்கவில்லை. யாரிடம் இருக்கிறது என்று கேட்டது. கூட்டத்தின் எண்ணிக்கையைவிடச் சொல்பவரின் தரம் முக்கியம். ஆனால் அந்தத் தரத்தைத் தீர்மானிப்பதில் செல்வமும் பதவியும் புகுந்தன. 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், மன்னருக்கும் நாட்டின் பெரியவர்களுக்கும் எதிராகப் பொய்ச்செய்தி பரப்புவதைத் தனிக் குற்றமாக்கியது. ஏழையின் பேருக்கு அப்படித் தனிக்காவல் கிடைக்கவில்லை.

பெரியவர்களின் உலகத்தில் நற்பெயருக்கு ‘வர்ஷிப்’ என்ற சொல் வழங்கியது. இன்று அது வழிபாடு. அன்று அதன் முதற்பொருள், ஒருவரின் தகுதிக்கு ஊர் கொடுக்கும் மதிப்பு. இங்கிலாந்தில் மாஜிஸ்திரேட்டுகளை அழைக்கும் மரியாதைச் சொல்லில் அந்தப் பொருள் இன்றும் தங்கியிருக்கிறது. சர் தாமஸ் மாலரி எழுதி 1485இல் காக்ஸ்டன் அச்சிட்ட ஆர்தர் மன்னர் கதைகளில் வீரர்கள் தேடி அலைவது இதைத்தான். லான்சலட் போன்றவர்கள் வேறொருவர் கேடயத்தை வாங்கிக்கொண்டு அடையாளம் மறைத்துப் போட்டிக்குப் போவதன் காரணமும் இதில் இருக்கிறது. பேர் முன்னால் போய்விட்டால் கைவலிமை அளக்கப்படாது. இருக்கும் பேரை மறைத்து, அதே பேரை மறுபடி சம்பாதிக்கிறார்கள்.

பதினான்காம் நூற்றாண்டுக் கடைசியில் எழுதப்பட்ட ‘சர் கவேயினும் பச்சை வீரனும்’ இதில் இன்னும் நுட்பமாகப் போகிறது. கவேயின் ஒரு கோட்டைக்குள் நுழையும் முன்பே அவர் பேர் அங்கே நுழைந்துவிட்டது. இனிய பேச்சுக்காரர் என்ற பேருக்கு ஏற்றபடி நடக்கவில்லையே, நீர் உண்மையில் கவேயின்தானா என்று வீட்டுத்தலைவி சீண்டுகிறாள். உயிர் காக்கும் என்று அவள் தந்த ஒரு பச்சை இடைக்கச்சையை, உயிருக்குப் பயந்து ஒளித்துக்கொண்ட கவேயின், பிறகு அதைத் தம் அவமானத்தின் அடையாளமாக உடலில் அணிந்து அரண்மனைக்குத் திரும்புகிறார். ஆர்தரின் அவையோ சிரித்து, அதே கச்சையை எல்லோருக்கும் உரிய கௌரவச் சின்னமாக்கிவிடுகிறது. தம்மைப் பற்றி அவர் அறிந்தது ஒன்று, அவை தந்த தீர்ப்பு வேறொன்று. எது சரி என்று கவிஞர் சொல்வதில்லை.

பெண்களுக்கு இந்த ஏற்பாடு இன்னும் கடுமையாக இருந்தது. ஆணின் பேர் போர்க்களம், வாக்கு, கொடை எனப் பல இடங்களில் உருவாகலாம். பெண்ணின் பேரைப் பெரும்பாலும் கற்பு ஒன்றை வைத்தே பேசினார்கள். சாசரின் கவிதையில் காதலனைக் கைவிடும் கிரைசெயிட், தன்னைப் பற்றி இனி ஒரு நல்ல சொல்லும் எழுதப்படாது, நூல்களே தன்னை அழிக்கும் என்று புலம்புகிறாள். அப்படியே நடந்தது. அடுத்த நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் ஹென்றிசன் அவளைத் தொழுநோயாளியாக்கிப் பாடினார்.

இந்த முறையின் அடித்தளத்தையே சாசர் ‘புகழின் மாளிகை’ என்ற முற்றுப்பெறாத கவிதையில் சோதித்தார். மாளிகை நிற்பது பனிக்கட்டிப் பாறைமேல். வெயில் படும் பக்கத்தில் செதுக்கிய பேர்கள் உருகிப்போயின. நிழல் பக்கத்தில் செதுக்கியவை இன்னும் புதிதாக இருக்கின்றன. பேர் நிலைத்தது தகுதியால் அல்ல, விழுந்த இடத்தால். உள்ளே எண்ணற்ற கண்களும் காதுகளும் நாக்குகளும் கொண்ட புகழ்த் தேவி வீற்றிருக்கிறாள். நற்செயல் செய்தவர்கள் மூன்று கூட்டமாக வந்து நற்பெயர் கேட்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, இன்னொன்றுக்குப் பழி, மூன்றாவதற்குத் தகுதிக்கு மேல் புகழ். எதற்கும் காரணம் சொல்லப்படுவதில்லை. காற்றின் தேவன் பொன் எக்காளம் ஊதினால் பாராட்டு, கரிய எக்காளம் ஊதினால் அவதூறு. பக்கத்தில் குச்சிகளால் பின்னிய, சுழன்றுகொண்டே இருக்கும் வதந்தி வீடு. அதன் சன்னலில் ஒரு பொய்யும் ஒரு மெய்யும் ஒரே நேரத்தில் வெளியேற முட்டி மோதி, கடைசியில் உடன்பிறப்பாக ஒன்று கலந்து பறந்து போகின்றன. நீயும் புகழ் தேடி வந்தாயா என்று கேட்டபோது கதைசொல்லி மறுக்கிறார். தம் நிலை தமக்குத் தெரியும் என்கிறார்.

ஊர்ப்பேச்சைத் தேவியாக்கிக் கேலி செய்த அதே சாசர்தான் நீதிமன்றத்தில் ஊர்ப்பேச்சைச் சாட்சியாக வைத்தவர். இதில் முரண் இல்லை. பேச்சை விட்டால் அந்தச் சமூகத்துக்கு வேறு வழி இல்லை. பேச்சை முழுதாக நம்பவும் வழி இல்லை. இரண்டையும் ஒருசேர அறிந்தவர்களாகவே அக்கால எழுத்தாளர்களைப் படிக்க வேண்டும். புகழை விரும்பிய அப்பாவிகள் என்றோ, புகழை வெறுத்த துறவிகள் என்றோ பிரித்தால் இருவரையும் இழப்போம்.

இது எங்கோ முடிந்த கதையும் அல்ல. 1361இல் இங்கிலாந்தில் அமைதி நீதிபதிகளுக்கான சட்டம், நற்பெயர் உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்ற அளவுகோலை நன்னடத்தைப் பிணையோடு இணைத்தது. ஆங்கிலேய ஆட்சியின் சட்டங்கள் வழியாக அதே எண்ணம் இந்தியாவுக்கும் வந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 110ஆவது பிரிவின்கீழ் நன்னடத்தைப் பிணை கேட்கும்போது, ஒருவர் வழக்கமான குற்றவாளி என்பதை அவரைப் பற்றிய பொதுவான பேரைக் கொண்டும் நிரூபிக்கலாம் என்று 116ஆவது பிரிவு சொன்னது. இப்போது அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. ஊர்ப்பேச்சைச் சான்றாக ஏற்கும் எந்தச் சட்டத்துக்கும் 1222ஆம் ஆண்டின் கேள்வி பொருந்தும்: இந்தப் பேர் யாரிடம் எடுத்த பேர்? சொல்பவருக்கு இவரைத் தெரியுமா? இதற்கு விடை இல்லாமல் ஒருவரைக் கெட்ட பேர்க்காரர் என்று எழுதினால், விடுதலையானவரையும் எட்டு நாளில் கடல் கடக்கச் சொன்ன சட்டத்திலிருந்து நாம் அதிக தூரம் வந்துவிடவில்லை.