தாய்க்கொடி யார் கையில்?

காய்ச்சலோடு ஒரு பிள்ளையை மாத்தளை நகரிலுள்ள இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிச் சென்றால், டெங்குவா என்று ஒரு சிறிய பட்டியில் இரத்தத்தை விட்டுப் பார்க்கிறார்கள். கால் மணி நேரத்தில் கோடு விழுகிறது. அந்தக் கோட்டை விழுத்துவது பட்டியிலுள்ள பிறபொருளெதிரி என்ற புரதம். கர்ப்பம் பார்க்கும் பட்டியிலும், கொவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த துரித பரிசோதனையிலும் வேலை செய்தது இந்த வகைப் பொருள்தான்.

நமது வர்த்தகர்கள் பலர் இப்பட்டிகளை விற்கிறார்கள். ஆனால் அதன் மூலப்பொருள் எப்படி உண்டாகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

1975இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜெர்மனியரான கோலரும் ஆர்ஜென்டினாவில் பிறந்த மில்ஸ்டைனும் இதற்கு வழி கண்டார்கள். சுண்டெலிக்கு ஒரு பொருளை ஊசி மூலம் ஏற்றினால் அதன் மண்ணீரல் கலங்கள் அப்பொருளுக்கு எதிரான பிறபொருளெதிரியைச் சுரக்கும். ஆனால் வெளியே எடுத்து வளர்த்தால் சில நாட்களில் இறந்துவிடும். புற்றுநோய்க் கலமோ ஓயாமல் பெருகும். இரண்டையும் இணைத்துப் பிறந்த கலப்புக் கலம்தான் ஹைபிரிடோமா. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, நல்லதைத் தெரிந்தெடுத்து, அந்த ஒன்றிலிருந்தே பரம்பரையை வளர்ப்பார்கள். நல்ல தாய் மிளகுக் கொடியில் வெட்டிய துண்டு தாயைப் போலவே காய்ப்பதை அறிந்த மாத்தளைக்காரருக்கு இது விளங்காததல்ல.

உண்டாக்குவதை விடப் பராமரிப்பதுதான் பாடு. 37 பாகை வெப்பம், 5 வீதம் காபனீரொட்சைட்டு, இரண்டு மூன்று நாளுக்கொரு முறை புதிய ஊட்டக் கரைசல். சிறிது பங்கசு விழுந்தாலும் எல்லாம் நாசம். சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியாத மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியும் உண்டு. சில கலங்கள் சுரப்பதை நிறுத்திவிட்டு வேகமாகப் பெருகி நல்லதை மூடிவிடும். ஆகவே அடிக்கடி சோதித்து மீண்டும் தனிப்படுத்த வேண்டும். மூல இருப்பை மறை 196 பாகையுள்ள திரவ நைதரசனில், ஒன்றுக்கு இரண்டு இடங்களில் வைப்பார்கள். 2022இல் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதன் செலவை எந்த முதலாளியும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. கேம்பிரிட்ஜ் முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. அதற்குப் பொறுப்பான பிரித்தானிய அரச நிறுவனத்துக்கு அதன் உடனடி வர்த்தகப் பயன் தெரியவில்லை. மில்ஸ்டைன் தன் கலங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவற்றைப் பெற்ற பிலடெல்பியா விஞ்ஞானிகள், அம்முறையில் உண்டாக்கிய பிறபொருளெதிரிகளுக்கு 1979இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். கோலருக்கும் மில்ஸ்டைனுக்கும் 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. பணம் கம்பனிகளுக்குப் போனது. அறிவைப் பகிர்ந்தது நன்மையே. ஆனால் மூலதனத்தோடு காத்திருந்தவர்தான் பலனை அறுவடை செய்தார்.

நாம் எங்கே நிற்கிறோம்? மிளகை மூட்டையாகவே விற்றுப் பழகியவர்கள் நாம். நமது காசு புடவைக் கடையிலும் ஹாட்வெயாரிலும் சுழல்கிறது. உயிரியல் படித்த நமது பிள்ளைகளோ தொழில் தேடி வெளிநாடு போகிறார்கள். டெல்லியின் ஜே. மித்ரா போன்ற இந்தியக் கம்பனிகள் டெங்குப் பரிசோதனைப் பட்டிகளைத் தாமே தயாரிக்கின்றன.

நாளைக்கே மாத்தளையில் கல ஆய்வுகூடம் திறக்கச் சொல்லவில்லை. முதற்படி, தயாரான பிறபொருளெதிரியை வாங்கிப் பட்டி தயாரிப்பது. கலம் வளர்ப்பது அடுத்த படி. தேசிய ஒளடத அதிகாரசபையின் பதிவு முதலிலேயே கணக்கில் இருக்க வேண்டும். பெருநாள் வியாபாரம் போல ஒரு மாதத்தில் காசு திரும்பாது. ஒரு நல்ல கலப் பரம்பரையைப் பெறவே பல மாதங்கள் செல்லும். எனவே வட்டிக் கடன் இதற்குப் பொருந்தாது. இலாப நட்டத்தைப் பகிரும் முஷாரகாவே பொருந்தும்.

சுண்டெலியும், ஊட்டக் கரைசலில் சேர்க்கும் கன்றுக்குட்டிச் சீரமும் பற்றிச் சிலருக்குத் தயக்கம் வரலாம். சீரம் சேர்க்காத கரைசல்களும் இன்று உண்டு. மற்றதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவோம்.

அடுத்த வர்த்தக சங்கக் கூட்டத்தில் உயிரியல் படித்த நம்மூர்ப் பிள்ளை ஒருவரை அழைத்து அரை மணி நேரம் பேசவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், அங்கிருந்து தொடங்கலாம்.