பெயரை மறைத்துப் படியுங்கள்!

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பிசினஸ் ஸ்கூல், எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு கேள்வியை மாற்றாமல் கேட்டு வருகிறது: 'உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது எது? ஏன்?' கேள்வித்தாள் எப்பவோ அவுட்! ஆனாலும் நம்ம பையன்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு விழிக்கிறார்கள். இதற்கு மட்டும் கோனார் நோட்ஸ் கிடையாதே!

ஹார்வர்டு 2024-ல் பழைய நீளக் கட்டுரையைத் தூக்கிவிட்டு மூன்று சின்னக் கேள்விகள் வைத்தது. ஒன்றுக்கு 300 வார்த்தை, மற்ற இரண்டுக்கும் தலா 250. கிட்டத்தட்ட நீங்கள் படிக்கிற இந்தப் பக்கத்தின் அளவு. அதற்குள் ஒரு மனுஷன் தெரிய வேண்டும்.

தெரிவது என்னவோ பயோடேட்டாதான். 'தலைமைப் பண்பு சிறு வயதிலேயே என் ரத்தத்தில் கலந்துவிட்டது' என்று ஆரம்பிக்கிறார்கள். ரத்தத்தில் ஏதாவது கலந்திருந்தால் டாக்டரிடம் அல்லவா போக வேண்டும்?

மார்க், ஜிமேட் ஸ்கோர், உத்தியோகம் எல்லாவற்றுக்கும் விண்ணப்பத்தில் தனிக் கட்டம் இருக்கிறது. கட்டுரையில் அவர்கள் தேடுவது, நீங்கள் ஒரு முடிவெடுத்த தருணத்தை. '12 பேர் கொண்ட டீமை வழிநடத்தினேன்' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். 'ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டது. தப்பு ஜூனியர் பையனுடையது. காலையில் கிளையன்ட் கேட்டபோது நான் அவன் பெயரைச் சொல்லவில்லை. ஏனென்றால்...'

அந்த 'ஏனென்றால்'தான் சார் கட்டுரை!

தோல்வியைப் பற்றிக் கேட்டால், 'அளவுக்கு மீறி உழைப்பதே என் பலவீனம்' என்று அளக்காதீர்கள். அப்படி அளந்தவர்கள் ஆயிரம் பேரைப் படித்தவர்தான் உங்களையும் படிக்கிறார்.

காசு கொடுத்தோ, ஏ.ஐ.யிடம் கேட்டோ எழுதி வாங்கலாம்தான். வழவழவென்று வரும். இன்டர்வியூவில் 'இந்த வரிக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால், அடுத்தவன் போட்டோவை அனுப்பிவிட்டுப் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை கதிதான்.

இன்னொன்று. அப்பா வீட்டுப் பத்திரத்தை பாங்க்கில் வைத்துக் கடன் வாங்கிப் போகிற படிப்பு இது. எத்தனை முறை உட்கார்ந்தும் 'ஏன்' என்பதற்குப் பதில் வரவில்லையென்றால், கையெழுத்துப் போடச் சொல்லும் முன் அப்பாவிடம் மனசு விட்டுப் பேசுங்கள். சீட் கிடைக்காமல் போனால் ஒரு வருஷம்தான் நஷ்டம்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. உங்கள் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரர் எழுதியதாக நினைத்துப் படியுங்கள். அவருக்கும் பொருந்துகிறதா?

கிழித்துப் போடுங்கள். மறுபடி 'ஏனென்றால்' என்று ஆரம்பியுங்கள்.