அறியா மொழியில் ஒரு கையொப்பம்

1922 இல் முர்னோ எடுத்த ‘நொஸ்பெராட்டு’ என்னும் ஜெர்மானியப் பேய்ப் படத்தை, பழைய நிழலாட்டங் கெடாது 2024 இல் ரொபேர்ட் எக்கர்ஸ் புதுப்பித்துள்ளார். எலியும் பிணமும் மலிந்த அப்படத்தில் எம்மை நடுங்கவைத்தது ஒரு பத்திரமே. பொற்காசுப் பையை நீட்டி, ஹட்டர் அறியாத மொழியில் எழுதிய தாளிற் கையொப்பமிடச் செய்கிறான் ஓர்லொக் பிரபு. வீட்டுப் பத்திரமென எண்ணியவன் மனைவியையே எழுதிக் கொடுத்துவிட்டான்!

கற்பனையென்று சிரிப்போர் சிரிக்கட்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1993 இல் கைதான தமிழரொருவரின் பெருவிரலடையாளம், அவர் அறியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்திற் பதிக்கப்பட்டது. அதையன்றி வேறு சான்றில்லை; 1995 இல் ஐம்பதாண்டுச் சிறை, மேன்முறையீட்டின் பின் முப்பத்தைந்து. அவ்விசாரணை நீதியற்றதென 2004 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கண்டது. அம்முடிவுக்கு இந்நாட்டில் வலுவில்லையென 2006 இல் உயர் நீதிமன்றம் கூறியது.