80 வெள்ளி வால்வும் 7,000 வெள்ளி இஞ்சினும்: மலிவு டர்போ ஆசையின் உண்மை விலை

"மாமா, எண்பது வெள்ளிதான். ஒரு வால்வு, கொஞ்சம் ஹோஸ், அரை மணி நேர வேலை. நானே மாட்டிடுவேன்."

கடந்த ஆண்டு என் அக்காள் மகன் சொன்ன வார்த்தை இது. கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பத்து வயதான ஐரோப்பிய டர்போ ஹேட்ச்பேக் கார் ஒன்றை வங்கிக் கடனில் வாங்கியிருந்தான். ஐந்து மாதம் கழித்து கராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் அந்தக் கார் நீலப் புகை கக்கி நின்றது. பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது ஒரு பிஸ்டன் உடைந்திருந்தது. பழைய இஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்த 7,000 வெள்ளி என்றார் ஃபோர்மேன். அக்காள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அதற்குப் போதவில்லை. கார் இன்று வீட்டு வாசலில் தார்பாய்க்கு அடியில் நிற்கிறது. மாதத் தவணை மட்டும் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல என்பது எந்தத் தாமானில் மாலை நேரம் நடந்து பார்த்தாலும் தெரியும். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கார் என்பது வெறும் வாகனமல்ல. முதல் சம்பாத்தியத்தின் அடையாளம். அந்த ஆசையைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. மலிவு என்று நாம் நம்பும் மாற்றங்களுக்கு உண்மையில் யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி.

ஏன் இப்போது?

ஒரு காலத்தில் டர்போ என்றால் பணக்காரர் கார். இல்லாவிட்டால் ஹாஃப்-கட் கடையிலிருந்து வாங்கி மாட்டியது. 1994-இல் வந்த கன்சிலில், ஜப்பானிலிருந்து வந்த 660 சிசி டர்போ இஞ்சினை ஏற்றியவர்கள் இன்று ஐம்பது வயதை நெருங்குகிறார்கள். அந்தத் தலைமுறையும் தவறுகள் செய்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் பெரும்பாலும் இஞ்சினோடு அதன் கணினி, இண்டர்கூலர், வயரிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார்கள். ஜப்பானியத் தொழிற்சாலை கணக்குப் போட்டு வைத்த அளவிலேயே அந்த இஞ்சின் ஓடியது.

இன்றைய நிலை வேறு. கடந்த பதினைந்து ஆண்டுகளில் தயாரிப்பாளர்கள் இஞ்சினைச் சிறிதாக்கி, டர்போவைச் சேர்த்தார்கள். அந்தக் கார்கள் இப்போது உத்தரவாதக் காலம் முடிந்து, பழைய கார் சந்தையில் மலிவு விலைக்கு வருகின்றன. வேகமான காரை எளிதாக வாங்கிவிடலாம். அதைப் பராமரிக்கும் செலவு மட்டும் மலிவாகவில்லை. இணையத்தில் பாகங்கள் கிடைக்கின்றன. மாட்டுவது எப்படி என்று காட்டும் காணொளிகளும் இருக்கின்றன. மாட்டிய பிறகு ஆறு மாதத்தில் என்ன ஆனது என்று காட்டும் காணொளிகள்தாம் குறைவு.

எண்பது வெள்ளி என்ன செய்கிறது?

இஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போவின் சக்கரம் சுழல்கிறது. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் போகும். அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அதிகக் காற்று, அதற்கேற்ற பெட்ரோல், அதிக சக்தி. அழுத்தம் எல்லை மீறாமல் இருக்க 'வேஸ்ட்கேட்' என்ற கதவு இருக்கிறது. குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் அது திறந்து, புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும்.

எண்பது வெள்ளி வால்வு செய்யும் வேலை, அந்தக் கதவுக்குப் போகும் அழுத்தத்தைக் கொஞ்சம் கசியவிடுவது. கதவு தாமதமாகத் திறக்கும், அழுத்தம் கூடும். பழைய கார்களில் கதை அதோடு முடிந்தது. புதிய கார்களில் கணினி இதைக் கண்டுபிடித்து, சக்தியைக் குறைத்துத் தற்காப்பு நிலைக்குப் போய்விடும். எங்கள் தம்பியின் காரும் முதல் வாரமே அப்படித்தான் எச்சரித்தது. அவன் என்ன செய்தான்? அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும் ஒரு சிறு பெட்டியை வாங்கி, சென்சாருக்கும் கணினிக்கும் நடுவில் மாட்டினான். காரின் கணினியிடம் பொய் சொல்லும் பெட்டி அது. காவலாளியின் கண்ணைக் கட்டிவிட்டு வீட்டைத் திறந்து வைத்தது போலாயிற்று.

அழுத்தம் கூடும்போது உள்ளே வெப்பமும் கூடும். தீப்பொறி வைத்த எரிதல் ஒழுங்காகப் பரவுவதற்கு முன்னரே, மீதமுள்ள கலவை தானாக வெடிக்கும். இதைத்தான் 'நாக்கிங்' என்கிறோம். ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டனின் தலையில் விழும் சுத்தியல் அடி. நகரத்துக்குள் விட்டு விட்டு மிதிக்கும்போது அது தாங்கும். மதிய வெயிலில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, நீண்ட ஏற்றத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது தாங்காது.

மற்ற மலிவு மாற்றங்களின் கதையும் இதுதான். திறந்த ஏர் ஃபில்டர் நன்றாகச் சத்தம் போடும். ஆனால் மறைப்பில்லாமல் வைத்தால் இஞ்சின் அறையின் சூடான காற்றையே இழுக்கும். சூடான காற்றில் சக்தி குறைவு. சில வெள்ளிக்கு விற்கப்படும் 'பவர் சிப்' பலவற்றில் இருப்பது ஒரு சிறு மின்தடைதான். உள்ளே வரும் காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்று கணினியை நம்பவைக்கும். 'புஷ்' என்று காற்றை வெளியே விடும் வால்வு சக்தியைக் கூட்டாது. காற்றை அளந்து பெட்ரோல் ஊற்றும் கார்களில், அளந்த காற்று வெளியேறிவிடுவதால் கலவை ஒரு கணம் கெட்டும் போகும்.

இஞ்சின் தப்பினாலும் கியர்பாக்ஸ் இருக்கிறது. மலேசியாவில் விற்கப்பட்ட போலோ 1.2 டிஎஸ்ஐ காரை எடுத்துக்கொள்வோம். அதன் இழுவிசை 175 நியூட்டன் மீட்டர். அதிலுள்ள ஏழு வேக உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் தாங்குமாறு வடிவமைக்கப்பட்ட எல்லை 250. நடுவிலுள்ள அந்த இடைவெளி வீணாகக் கிடப்பதல்ல. நெரிசலிலும் வெயிலிலும் பல ஆண்டு ஓடுவதற்காகத் தயாரிப்பாளர் விட்டு வைத்த சேமிப்பு. மலிவு மாற்றம் அந்தச் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவழிக்கிறது.

பெட்ரோல் கணக்கு

2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 திட்டம் தொடங்கியபோது, தகுதியுள்ள குடிமக்களுக்கு ரோன்95 லிட்டருக்கு 1.99 வெள்ளி ஆனது. அதே வேளையில் ரோன்97 மூன்று வெள்ளிக்கு மேல் இருந்தது. அதற்கு உதவித்தொகை கிடையாது. அழுத்தம் கூட்டிய இஞ்சினுக்கு நாக்கிங் வராமலிருக்க உயர்ந்த ஆக்டேன் வேண்டும். மாதம் 100 லிட்டர் அடிப்பவர் அன்றைய விலையில் 100 வெள்ளிக்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருப்பார். ஓராண்டுக்கு 1,200 வெள்ளிக்கும் மேல்.

நடைமுறையில் நடப்பது என்ன? மாற்றம் செய்துவிட்டு, மாதக் கடைசியில் கை கடிக்கும்போது ரோன்95-ஐயே ஊற்றுகிறார்கள். நாக்கிங் சென்சார் வேலை செய்தால் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி, கூட்டிய சக்தியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். அதன் கண்ணையும் கட்டியிருந்தால் பிஸ்டன் போகும். இரண்டிலும் லாபம் இல்லை.

சட்டம், காப்புறுதி, வங்கி

இஞ்சினை மாற்றுவதற்கு ஜேபிஜேயின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். எக்ஸோஸ் சத்தத்துக்கும் புகைக்கும் சட்ட வரம்பு உண்டு என்பதும், புகையைச் சுத்திகரிக்கும் 'கேட்' பாகத்தை அறுத்து எடுப்பது அந்த வரம்பை மீற வைக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நடவடிக்கை எடுக்க ஜேபிஜே மட்டுமல்ல, போலீசும் சுற்றுச்சூழல் துறையும் இருக்கின்றன.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து காப்புறுதி. காரின் திறனைக் கூட்டும் மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மறைத்துவிட்டு விபத்தில் சிக்கினால், காருக்கான இழப்பீடு மறுக்கப்படலாம். கார் நொறுங்கிய பிறகும் வங்கிக் கடன் அப்படியே நிற்கும். வாடகைக் கொள்முதலில் வாங்கிய கார், கடைசித் தவணை கட்டும் வரை சட்டப்படி நமக்குச் சொந்தமல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பாவின் கதவையும் அது தட்டும்.

உண்மையிலேயே மலிவானது எது?

பத்து வயதுக் காரில் அழுத்தம் கூட்டுவதற்கு முன், இழந்த சக்தியை மீட்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ரப்பர் ஹோஸ்கள் வெடிக்கும். டர்போ தள்ளும் காற்று அதன் வழியே கசியும். சில வெள்ளி ஹோஸும் கிளிப்பும் மாற்றினாலே "கார் புதுசா ஆயிடுச்சு" என்பவர்கள் உண்டு. தேய்ந்த ஸ்பார்க் பிளக், தூசி அடைந்த ஃபில்டர் ஆகியவையும் அப்படியே. ஐம்பது, அறுபது வெள்ளிக்குக் கிடைக்கும் கோளாறு வாசிக்கும் கருவி ஒன்றை வாங்கினால், கார் என்ன சொல்கிறது என்பதை வீட்டிலேயே படிக்கலாம்.

டர்போவின் உயிர் எண்ணெயில் இருக்கிறது. சரியான தர எண்ணெயைக் காலம் தாழ்த்தாமல் மாற்றுவதும், வேகமாக ஓட்டி வந்த பிறகு உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுவதும் பெரிய செலவல்ல. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கம், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். வேகத்தைக் கூட்ட நினைப்பவன் முதலில் அதைப் படிக்கட்டும். 2019-இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தார்கள். வேகம் கூட்டிய கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால், எதிரே வருவது நம் வீட்டுப் பிள்ளையின் மோட்டார் சைக்கிளாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால், இஞ்சினின் தரவுகளை அளந்து பார்த்து, ரோன்97-க்கு ஏற்ப டியூன் செய்யும் அனுபவசாலியிடம் போகலாம். அது 80 வெள்ளியில் முடியாது. அந்தச் செலவைத் தாங்க முடியாதவர் அந்த மாற்றத்தையும் தாங்க முடியாதவரே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வால்வை மாட்டி, சென்சார் வயரை அடையாளம் கண்டு, கணினியையே ஏமாற்றிய பையனுக்கு அறிவில்லை என்று எப்படிச் சொல்வது? யாரும் சொல்லித்தராமல் அவன் அவ்வளவு தூரம் போயிருக்கிறான். அந்தக் கைக்குத் தாள் இல்லை என்பதுதான் குறை. மலேசிய திறன் சான்றிதழான எஸ்கேஎம் வாகனத் துறையிலும் உண்டு. கியாட்மாரா, ஐஎல்பி போன்ற பயிற்சிக் கழகங்களில் வாகனத் தொழில்நுட்பம் கற்றுத் தரப்படுகிறது. எஸ்பிஎம் தேர்ச்சி சுமாராக இருந்த பிள்ளைக்கும் அங்கே வழி உண்டு. "எந்நேரமும் காருக்கு அடியிலேயே கிடக்கிறான்" என்று திட்டுவதற்கு முன், அந்த விண்ணப்பப் பாரத்தை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்.

எங்கள் தம்பி இப்போது ஷிப்டு முடிந்ததும், அதே பட்டறையில் அந்த ஃபோர்மேனுக்கு உதவியாளாகப் போகிறான். கூலியில் பாதியை இஞ்சின் பணத்துக்குக் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். போன வாரம் ஒரு சிறுவன் அதே வால்வோடு வந்தானாம்.

"என்னடா சொன்னே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல மாமா. எங்க உடைஞ்ச பிஸ்டனை எடுத்து அவன் கையில கொடுத்தேன்" என்றான்.