தூய கம்பளியும் கலந்த நூலும்

மூதாதையரைத் தேடுவதில் கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சு மக்கள் காட்டும் ஈடுபாடு வியப்புக்குரியது. பத்துத் தலைமுறைக்கு முந்திய பாட்டன் பிரான்ஸின் எந்த ஊரிலிருந்து கப்பலேறினான் என்பதைச் சாதாரண குடும்பத்தவர்கூடச் சொல்லிவிடுவதுண்டு. ஆனால் இத்தேடலின் முடிவில் சிலர் தம்மைப் 'புயூர் லேன்', அதாவது தூய கம்பளி, என்று அழைத்துப் பெருமைப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்பெருமையைப் பொய்ப்பிப்பவை அவர்கள் புரட்டும் அதே பதிவேடுகள்தாம்.

பங்குத் தந்தையர் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றையும் எழுதிவைத்தனர். ஒரு பிரதி தேவாலயத்திலும் மற்றையது நீதிமன்றத்திலும் இருந்தமையால் ஒன்று அழிந்தாலும் மற்றையது எஞ்சியது. அந்த இரட்டைப் பிரதி முறை வருமுன், 1640 இல் கியூபெக் நகரத் தேவாலயம் எரிந்தபோது, கருகிப்போன பதிவுகளை மக்களின் ஞாபகத்திலிருந்தே மீள எழுதினர். தங்கே என்ற மதகுரு 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாகக் குடும்ப அகராதி வெளியிட்டார். 1966 இல் மொன்றியல் பல்கலைக்கழகம் அப்பதிவுகளைக் கணினியில் கோக்கத் தொடங்கியது.

சான்றுகள் இவ்வளவு இருந்தும் பெயர் மட்டும் நிலைத்து நிற்கவில்லை. ட்ரோம்ப்ளே என்ற பெயர் விதிவிலக்கு: அப்பெயருடையோர் 1657 இல் மணமுடித்த ஒரே தம்பதியரின் சந்ததி. மற்றையவர்களிடம் 'டி' பெயர் என்றொரு வழக்கம் இருந்தது. 'என அழைக்கப்படும்' என்பது அதன் பொருள். ஊடோன் 'டி' போலியூ என்று பதிவான குடும்பத்தில் ஒரு கிளை ஊடோனாகவும் மற்றது போலியூவாகவும் பிரிந்தது. 1665 இல் வந்த கரிஞ்ஞான் படைப்பிரிவிலிருந்து நானூறு பேரளவில் குடியேறினர். 'பூ', 'கவலையற்றவன்' என்ற படைப் புனைபெயர்கள் அவர்களின் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர்களாயின. பிற்காலத்தில் அமெரிக்க ஆலைகளுக்குப் பிழைக்கப் போனவர்களுள் ருவா கிங் ஆனார், புவாவேர் கிறீன்வுட் ஆனார். (மொன்றியலில் குடியேறிய எம்மவரின் தந்தை பெயர் குடும்பப் பெயராகிப் பிள்ளைகளோடு நிலைத்துவிட்டது. நூறாண்டு கழித்துத் தேடுவோர் எப்படித் திண்டாடுவரோ!)

பெயரைப் பிடித்துக்கொண்டு பத்துத் தலைமுறை ஏறினால் 1024 மூதாதையருள் ஒருவரையே அடையலாம். 1663 முதல் 1673 வரை அரசனின் செலவில் மணம்முடிக்க அனுப்பப்பட்ட சுமார் எண்ணூறு பெண்களை அவ்வழியில் காணவே முடியாது. நல்லவேளையாக, பெண்கள் மணத்தின் பின்னரும் பிறந்த பெயரிலேயே பதிவாகினர். தாய்வழி தேடுவோருக்கு இது பெரும் பேறு.

தூய்மைக்கு வருவோம். 1705 இல் அரச தபாற்காரராக நியமிக்கப்பட்ட பெட்ரோ ட சில்வா லிஸ்பனில் பிறந்தவர். இன்றைய தசில்வாக்கள் அவர் வழியினர். 1704 இல் மசாசூசெற்ஸின் டியர்ஃபீல்டிலிருந்து சிறைப்பிடித்து வரப்பட்ட ஜொசையா ரைசிங் என்ற ஆங்கிலச் சிறுவன் இக்னாஸ் என ஞானஸ்நானம் பெற்றான். அவனுடைய சந்ததி ரேசென் எனப்படுகிறது. ஆங்கிலத்தை எதிர்த்து முழங்கும் நாவுகளுள் எத்தனை இத்தகைய பாட்டனுக்குரியவையோ!

இவற்றைவிட என்னை உறுத்துவது ஒன்றுண்டு. 1960 இல் வரலாற்றாசிரியர் மார்செல் த்ருடெல் பிரெஞ்சுக் கனடாவின் அடிமை முறை பற்றி எழுதிய நூல் அந்நாட்டவரைத் திகைக்க வைத்தது. ஏறத்தாழ நாலாயிரம் அடிமைகளை அவர் பதிவேடுகளிலிருந்து வெளிக்கொணர்ந்தார். மூன்றில் இரு பங்கினர் பூர்வகுடியினர். பலருக்கு எழுதப்பட்டது ஒரு கிறிஸ்தவப் பெயரும் 'பானி' என்ற சொல்லும் மட்டுமே. தாய், தந்தை பெயர் இல்லை. எசமானின் பெயர் உண்டு. குடும்ப மரம் வரைவோர் அந்த எசமானைப் பாட்டனாகக் கண்டெடுத்து அழகாகச் சட்டமிட்டு மாட்டுகின்றனர். அதே பக்கத்தில், அதே குருவின் கையெழுத்தில், அவனுடைய வீட்டில் உழைத்தவளின் பெயரும் இருக்குமாயின் அதையும் அம்மரத்தின் கீழ் எழுதிவைக்கவேண்டும்.