எழுத்தைப் பூட்டி வைத்த கடைகள்



தட்டச்சுப் பொறியில் அடித்த கடிதம் ஒன்றைத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு அனுப்பினால், அதைப் படிப்பதற்குச் சென்னையில் இருப்பவர் அதே நிறுவனத்தின் பொறியை வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று எவரேனும் கூறியதுண்டா? கூறியிருந்தால் ஊர் நகைத்திருக்கும். ஆனால், கணிப்பொறி வந்தபின் அந்த நகைப்புக்குரிய நிலைதான் தமிழுக்கு நேர்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் நீடித்தது. இன்னமும் முற்றாக ஒழிந்தபாடில்லை. நாம் நகைக்கவில்லை. விலை கொடுத்தோம்.

எங்ஙனம் நேர்ந்தது? கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்று முன்னரே உடன்பாடு இருந்தால்தான் ஒரு பொறி எழுதியதை மற்றொரு பொறி படிக்கும். ஆங்கிலத்துக்கு அந்த உடன்பாடு 1963லேயே வகுக்கப்பட்டுவிட்டது. தமிழுக்கோ, எழுத்துரு விற்க வந்த வணிகர்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மீது தமிழ் வடிவங்களைத் தத்தம் விருப்பம்போல் ஏற்றி வைத்தனர். ஒருவர் ‘க’ வைத்த எண்ணில் இன்னொருவர் ‘ழ’ வைக்கலாம்; கேட்பாரில்லை. ஒரு கடையின் எழுத்துருவில் அடித்த ஆவணம், அது இல்லாத பொறியில் பொருளற்ற குறிகளின் குப்பையாகக் கிடந்தது.

இதனைத் தொழில்நுட்பக் கோளாறு என்று கூறி ஒதுக்குவோர் உண்டு. கோளாறு அன்று, தோழர்களே, ஆதாயம்! பத்தாண்டு ஆவணங்களை ஒரே எழுத்துருவில் சேர்த்து வைத்த அலுவலகம், வணிகர் விலையை ஏற்றினாலும், கடையையே மூடினாலும், அவர் வாயிலில்தான் நின்றாக வேண்டும். காணியை அடகு வைத்தவன் கதையை அறிந்த நமக்கு இது விளங்காததா? 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஆணையாக்கியபோது, புதிய ‘லை’யை எழுத எவரும் எவருக்கும் உரிமத்தொகை கட்டவில்லை. எழுத்து பொதுவுடைமை என்பது அன்று எல்லார்க்கும் தெரிந்திருந்தது.

தமிழர் வாளாவிருந்துவிடவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையடுத்து, அவ்வாண்டிலேயே டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. கடல் கடந்த தமிழர்கள் இணையத்திலேயே கூடி வாதிட்டு, திஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்து, யாவரும் எடுத்தாள்க என்று திறந்துவிட்டனர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைக் கைவலிக்கத் தட்டச்சிட்டு, விலையின்றி உலகுக்கு வழங்கினர். உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறியில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்திருந்தது. அதனை அரசு தன் தரமாக அறிவித்ததோ 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. பத்தொன்பது ஆண்டுகள்!

ஒருங்குறியில் குறையே இல்லையா? உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறிக்கோ ஐந்து எண்கள். மெய்யெழுத்துக்குத் தனி எண் கொடுக்கவில்லை. உயிர்மெய்யை எழுதி, அதன்மேல் புள்ளிக்கு ஓர் எண் சேர்க்க வேண்டும். இலக்கணம் கற்றோர் சினப்பர், சினம் நியாயமே. கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழுக்கு 70 இடங்களே. அந்த எழுபதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியே இடத்தைத் தின்றுவிடும். தாய்மொழியில் சேதி சொல்பவனுக்குக் கூடுதல் கட்டணம்!

இக்குறை நீங்க, எழுத்துக்கு ஓர் எண் தரும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் அரசு அதே 2010இல் ஏற்றது. அதன்பால் பற்றுக்கொண்ட தோழர்கள் பலர். அவர்களிடம் மாறுபட்டே பேசுகிறேன். அத்திட்டம், ஒருங்குறியில் அவரவர் தனிப்பயனுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் அமைந்தது. ஆகவே கடையில் வாங்கும் கைப்பேசி அதனை அறியாது. ஒருமுறை வழங்கிய எண்ணை மாற்றுவதில்லை என்பதோ ஒருங்குறி அவையத்தின் விதி. இலக்கணம் நிறைந்த எழுத்தாயினும், அடுத்தவர் பொறி படிக்காதெனில் பழைய பூட்டுத்தானே அது? எழில்மிகு தனி அறையினும், ஒழுகும் கூரையேயாயினும் ஊர்ச் சத்திரமே மேல்.

பூட்டு இன்னும் எங்கே தொங்குகிறது என்று கேட்பீர்களாயின், அச்சகங்களுக்குச் சென்று பாருங்கள். பழைய எழுத்துருவில் கோத்த பக்கங்கள் இன்றும் அங்கே உண்டு. அங்ஙனம் அச்சான நூலின் மின்படியில் ஒரு சொல்லைத் தேடினால், கண்ணெதிரே இருக்கும் சொல்லையே “இல்லை” என்கும் பொறி!

நம் கிளை அலுவலகங்களின் தீர்மானங்களும், மாநாட்டு மலர்களும், உறுப்பினர் பட்டியல்களும் எந்த எழுத்துருவில் கிடக்கின்றன? பழைய பொறி பழுதாகும் முன்னர் எடுத்துப் பாருங்கள். ஒருங்குறிக்கு மாற்றித் தரும் செயலிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. மாற்றியபின் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி விழுவதுண்டு. ஊர்ப்பெயர்களையும் தொகைகளையும் இருமுறை பாருங்கள்.