கூரையில் விழும் கொள்ளி

1961-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டிய குன்றுகளில் காட்டுத் தீ மூண்டது. பாலைவனத்திலிருந்து வீசும் வறண்ட காற்று அதை மேற்கே விரட்டிற்று. அந்த நேரத்தில் ஒரு வீட்டின் கூரைமேல் ஒருவர் நின்றுகொண்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயால் கூரையை நனைத்துக் கொண்டிருந்தார்.

அவர் ரிச்சர்டு நிக்சன். எட்டு ஆண்டுகள் உப ஜனாதிபதியாக இருந்தவர். முந்திய ஆண்டுதான் கென்னடியிடம் ஜனாதிபதித் தேர்தலில் தோற்றிருந்தார். பிற்காலத்தில் அவரும் ஜனாதிபதியானார். அன்று அவர் வாடகைக்குக் குடியிருந்த வீடு தப்பிவிட்டது.

மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெல் ஏர், பிரன்ட்வுட் என்ற அந்த இரு பகுதிகளிலும் 484 வீடுகள் சாம்பலாயின. ஹாலிவுட் நடிகர் பர்ட் லங்காஸ்டரின் மாளிகையும், நடிகை ஜா ஜா கபோரின் மாளிகையும் அவற்றில் அடங்கும். உயிர்ச்சேதம் ஏற்படாதது ஒன்றே ஆறுதல்.

பணத்துக்குப் பஞ்சமில்லாத இடம் அது. தீயணைக்கும் படையோ நாட்டிலேயே பெயர் பெற்றது. அப்படியிருந்தும் இத்தனை வீடுகள் எரிவானேன்?

விடை கூரையில் இருந்தது. எரிந்த வீடுகளில் மிகப் பல மர ஓடு வேய்ந்தவை. செடார், ரெட்வுட் போன்ற மரங்களை மெல்லிய சில்லுகளாகப் பிளந்து, நம் ஊர் ஓடுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பார்க்க வெகு அழகு. காட்டின் நடுவே காட்டு மரத்தாலேயே கூரை வேய்ந்து வாழ்வது அங்கே ஒரு நாகரிகம். ஆனால், பல கோடை வெயிலில் காய்ந்த மரச் சில்லு எப்படி இருக்கும்? அடுப்புப் பற்றவைக்கும் சிராய்த்தூள் போல இருக்கும். காற்று அடித்தால் எரிகிற சில்லு கூரையிலிருந்து கழன்று பறக்கும். அடுத்த தெருக் கூரைக்கு அதுவே கொள்ளி!

குடிசைகள் நெருங்கிய ஊரில் ஒரு கீற்றுக் கூரை பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமத்தாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள மாளிகைகளில் நடந்ததும் அதுதான்.

பாதிரிமார் கற்ற பாடம்

இந்த விஷயம் கலிபோர்னியாவுக்குப் புதிது அல்ல என்பதுதான் வேடிக்கை. 1776-ல் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற இடத்தில் ஸ்பானியப் பாதிரிமார் நிறுவிய மடத்தின்மேல் அப்பகுதிப் பூர்வகுடியினர் தீ அம்புகளை எய்தார்கள். புல் வேய்ந்த கூரைகள் எரிந்தன. அதன் பிறகு பாதிரிமார் களிமண்ணைப் பிசைந்து, சுட்டு, ஓடு வேயத் தொடங்கினார்கள். கலிபோர்னியாவின் மற்ற மடங்களிலும் ஓட்டுக் கூரை பரவியது. நம் நாட்டு ஓட்டுக்குத் தம்பி என்று சொல்லத்தக்க அந்த வளைந்த சிவப்பு ஓடு, இன்று அந்த ராஜ்யத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

பிறகு வந்தவர்கள் அதை மறந்தார்கள். மலை நிறைய மரம் இருக்கும்போது மண்ணைச் சுடுவானேன் என்று நினைத்தார்கள் போலும்.

1923-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி பெர்க்கிலி நகரில், பல்கலைக் கழகத்துக்கு வடக்கே இருந்த குன்றுகளிலிருந்து தீ இறங்கியது. 584 வீடுகள் போயின. காற்று திசை மாறியதால்தான் மற்றப் பகுதிகள் பிழைத்தன. நகரசபை விழித்துக்கொண்டு, தீயைத் தாங்கும் கூரைதான் போட வேண்டும் என்று விதி செய்தது. ஆனால் அமுலுக்கு வருவதற்கு முன்பே அந்த விதி ரத்தாகிவிட்டது! எரிந்தவர்கள் மறப்பதற்கு முன்பே ஆட்சியாளர்கள் மறந்துவிட்டார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸின் கதையும் இதுவே. 1961-ல் அத்தனை வீடுகள் எரிந்தும், மர ஓட்டுக்கு அந்நகர சபை முற்றாகத் தடை விதித்தது 1989-ல்தான். இருபத்தெட்டு ஆண்டுகள்! இடையில் எத்தனை ஆயிரம் கூரைகளில் மர ஓடு ஏறியிருக்கும்?

1991-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி பெர்க்கிலிக்கு அடுத்த ஓக்லண்டு குன்றுகள் எரிந்தன. முதல் நாள் மூண்ட சிறு புல் தீ அணைந்துவிட்டதாக எண்ணப்பட்டது. மறுநாள் காற்று எழுந்ததும் அது மீண்டும் உயிர் பெற்றது. முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் 790 கட்டடங்கள் எரிந்தன. 25 பேர் மாண்டார்கள். ஏறத்தாழ 3,000 வீடுகள் அழிந்தன. மர ஓட்டுக் கூரைகள் அன்றும் தீக்குத் துணை நின்றன.

முன்னே வரும் தூதன்

காட்டுத் தீ என்றால் மலைபோல் எழும்பும் ஜுவாலை வந்து வீட்டை விழுங்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான வீடுகள் அப்படி எரிவதில்லை. ஜுவாலைக்கு வெகு முன்னால் கங்குகள் பறந்து வருகின்றன. மரப்பட்டை, பைன் மரக் காய், ஊசி இலை எல்லாம் தணலாகி, காற்றில் ஒரு மைலுக்கு மேலும் பறக்கும். வீட்டில் அவை அதிகமாக விழக்கூடிய பரந்த இடம் கூரையைத் தவிர வேறு எது?

அமெரிக்க வன இலாகாவின் ஆராய்ச்சியாளர் ஜாக் கோஹன் என்பவர் இதையே ஆயுள் முழுவதும் ஆராய்ந்தார். கனடாவின் வடக்குக் காட்டில் மரச் சுவர்களை நிறுத்தி, எதிரே காட்டைக் கொளுத்திப் பார்த்தார்கள். 10 மீட்டர் தூரத்தில் இருந்த சுவர்களில் சில பற்றிக்கொண்டன. 20 மீட்டருக்கு அப்பால் நின்ற சுவர்கள் பற்றவில்லை. ஆகவே காடு எத்தனை ஏக்கர் எரிகிறது என்பதைவிட, வீடும் அதைச் சுற்றியுள்ள சில கஜ நிலமும் எப்படி இருக்கின்றன என்பதே முக்கியம் என்று அவர் முடிவு கட்டினார். இதற்குப் பழைய கணக்கும் சாட்சி சொல்கிறது. 1961-ம் ஆண்டுத் தீயில், எரியாத கூரையும் 10 முதல் 18 மீட்டர் வரை செடிகொடி அகற்றிய நிலமும் இருந்த வீடுகளில் நூற்றுக்கு 95 பிழைத்தன.

2023 ஆகஸ்டில் ஹவாய்த் தீவுகளில் லஹைனா என்ற ஊரை, மலைச்சரிவிலிருந்து இறங்கிய தீ விழுங்கியது. 100 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். சுற்றிலும் எல்லாம் கரியாகிக் கிடக்க, சிவப்புக் கூரை போட்ட ஒரு வீடு மட்டும் பழுதின்றி நின்ற படம் உலகம் முழுவதும் வந்தது. அது சுமார் நூறு ஆண்டுப் பழமையான மர வீடு. சில காலம் முன்பு பழைய தார் ஓட்டை எடுத்துவிட்டுக் கனமான இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். சுவரோரம் இருந்த செடிகளைப் பிடுங்கிவிட்டுக் கல் பரப்பியிருந்தார்கள். அதுவும் தீக்குப் பயந்து அல்ல, கரையானுக்குப் பயந்து!

எந்தக் கூரை நல்லது?

கூரைப் பொருளுக்கு அங்கே பரீட்சை உண்டு. மாதிரிக் கூரை ஒன்றைச் சாய்வாக நிறுத்துவார்கள். ஓரடிச் சதுரத்தில் மரக் குச்சிகளை அடுக்கி, சுமார் 2 கிலோ எடையுள்ள கொள்ளி செய்து, நன்றாக எரியவிட்டுக் கூரைமேல் வைப்பார்கள். மணிக்கு 12 மைல் வேகத்தில் காற்றையும் வீசச் செய்வார்கள். தீ கூரையைத் துளைத்து உள்ளே இறங்கக் கூடாது. தாக்குப் பிடித்தால் 'ஏ' வகுப்பு. 'சி' வகுப்புக்கு வைக்கும் கொள்ளியோ 10 கிராம்கூட இராது. இரண்டுக்கும் உள்ள தூரத்தை இதிலிருந்தே அறியலாம். தீ அபாயம் உள்ள மலையில் வீடு வாங்குகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது நிறத்தை அல்ல, இந்த வகுப்பைத்தான்.

மலிவில் 'ஏ' வகுப்பு வேண்டுமானால் தார் ஓடு இருக்கிறது. கண்ணாடி இழைப் பாயில் தாரைத் தடவி, மேலே கல் குருணை தூவியது. தார் எரியாதா என்று கேட்கலாம். கண்ணாடி இழையும் கல் குருணையும் சேர்ந்து அதைக் காப்பாற்றுகின்றன. அமெரிக்காவில் மிக அதிகமான வீடுகளில் இருப்பது இதுவே.

களிமண் ஓடும் சிமெண்டு ஓடும் எரியவே மாட்டா. தலைமுறை தாண்டியும் உழைக்கும். ஆனால் கனம் அதிகம். சதுர அடிக்கு 4 கிலோவுக்கு மேலும் போகும். தார் ஓட்டுக்குப் போட்ட கைமரம் இதைச் சுமக்குமா என்று பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். கலிபோர்னியா பூகம்ப நாடு என்பதையும் மறக்கக் கூடாது. இன்னொரு குறை வெளிக்குத் தெரியாதது. வளைந்த ஓட்டின் கீழ்விளிம்பில் வாய் திறந்திருக்கும். அதில் குருவி கூடு கட்டும்; சருகு சேரும். ஒரே ஒரு கங்கு அதற்குள் புகுந்தால், மேலே எரியாத ஓடும் கீழே எரிகிற பலகையுமாக வீடு போய்விடும். கொத்தனார் ஒரு கரண்டிச் சாந்தால் அடைக்கக்கூடிய ஓட்டை அது!

இரும்புத் தகடு இலேசானது, எரியாது. ஆனால் சூட்டை உடனே கீழே கடத்திவிடும். ஆகையால் ஜிப்சம் பலகையோ அதுபோன்ற தீத்தடுப்பு விரிப்போ அடியில் கொடுத்தால்தான் அது முழுப் பாதுகாப்பு. தகடு விற்கிறவர் இதைச் சொல்ல மறந்துவிடுவதும் உண்டு. மழைக்காலத்தில் தகரக் கூரையின் கீழ்த் தூங்கியவர்களுக்கு அதன் மற்றொரு குறையும் தெரியும்.

மர ஓட்டையே ரசாயனத்தில் ஊற வைத்து விற்கிறார்கள். பரீட்சையில் தேறுகிற ரகங்களும் உண்டு. ஆனாலும் மழையும் வெயிலும் பல ஆண்டு பட்ட பின் அந்த மருந்து எவ்வளவு மிஞ்சும் என்ற கவலை இருக்கவே செய்கிறது. அழகுக்காக அந்தக் கவலையைத் தலைமேல் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல.

எந்தக் கூரையானாலும் அதன் பலவீனம் ஓரங்களில்தான். இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயிலும், விளிம்பில் மழைநீர் ஓடும் தகர வாய்க்காலிலும் சருகு மண்டும். பரணுக்குக் காற்றுப் போக வைத்த துவாரத்தில் பெரிய கண் வலை இருந்தால் கங்கு நேரே உள்ளே போகும். எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேற்படாத கண் உள்ள இரும்பு வலைதான் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள்.

பழைய வீடுகளின் கதி

நல்ல கூரை போட்டுவிட்டால் கவலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2018-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி சியரா நெவாடா மலையடிவாரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே இருந்த பாரடைஸ் என்ற ஊர் ஒரே நாளில் அழிந்தது. 85 பேர் பலியானார்கள். 18,000-க்கும் அதிகமான கட்டடங்கள் எரிந்தன. பிறகு கணக்கெடுத்தபோது, 1997-க்கு முன் கட்டிய வீடுகளில் நூற்றுக்கு 11½ தான் பிழைத்திருந்தன. அதற்குப் பின் கட்டியவற்றில் நூற்றுக்கு 38½ பிழைத்தன. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் புது வீடுகளிலும் பாதிக்கு மேல் போய்விட்டனவே! பக்கத்து வீடு எரிந்தால் அதன் அனலே அடுத்த வீட்டைக் கொளுத்துகிறது. தன் கூரையை மாற்றியவர் பக்கத்து வீட்டுக்காரரின் கூரையையும் நம்பித்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது.

சர்க்காரின் பொறுப்பு இங்கேதான் வருகிறது. அபாயப் பகுதிகளில் கட்டும் புது வீடுகளுக்குக் கலிபோர்னியா 2008-ல் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. பாராட்ட வேண்டியதே. பழைய வீடுகளுக்கோ சட்டம் வேறு. ஓராண்டுக்குள் கூரையில் பாதிக்கு மேல் மாற்றினால்தான் முழுக் கூரையும் விதிப்படி இருக்க வேண்டும். ஆண்டுக்குக் கொஞ்சமாக ஒட்டுப் போட்டுக்கொண்டே போகிறவரை அது தொடுவதில்லை. அப்படி ஒட்டுப் போடுகிறவர் சோம்பேறி அல்ல. பெரும்பாலும் பென்ஷனில் காலம் தள்ளும் முதியவராகவோ, சம்பளம் பற்றாத குடும்பஸ்தராகவோ இருப்பார். மாளிகைக்காரர் புதுக் கூரை போட்டுவிடுவார். இவர் எங்கே போவார்?

பழைய வீடுகளைத் தீக்குத் தயார் செய்ய உதவும் சோதனைத் திட்டத்துக்கு 2019-ல் ஒரு சட்டம் வழி செய்தது. தீ வந்த பிறகு விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் செலவாகிற பணத்தோடு ஒப்பிட்டால், கூரைக்கு ஒதுக்கும் தொகை யானைப் பசிக்குச் சோளப்பொரி. கூரையைப் பலப்படுத்தியவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளுக்கு 2022-ல் உத்தரவிட்டார்கள். மறு ஆண்டே பெரிய கம்பெனி ஒன்று, கலிபோர்னியாவில் புதிய வீடுகளை இன்ஷ்யூர் செய்வதையே நிறுத்திவிட்டது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் சுற்றுப்புறத்தில் மீண்டும் இரண்டு பெரும் தீ. 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் நாசமாயின. அவற்றில் புது விதிகளுக்கு வெகு காலம் முன் கட்டிய வீடுகள் ஏராளம்.

மலையில் எஞ்சியிருக்கும் மர ஓட்டுக் கூரைகளை வீடு வீடாகக் கணக்கெடுத்து, வசதியற்றவர்களுக்குச் சர்க்காரே பாதிச் செலவை ஏற்று, தெரு தெருவாக மாற்ற வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றுவதில் பயன் குறைவு என்பதைப் பாரடைஸ் காட்டிவிட்டது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்களும் பல உள்ளன. ஓக்லண்டு, பெர்க்கிலிக் குன்றுகளில் வீடு பார்க்கப் போகிறவர்கள், ஜன்னலிலிருந்து கடல் தெரிகிறதா என்று கேட்பதற்கு முன், ஏணி போட்டு ஏறிக் கூடல்வாயில் எத்தனை விரற்கடைக்குச் சருகு கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும்.